இரண்டு ஜிபி எங்கிருந்து வந்தது?

நான் வேலை பார்க்கும் திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் எடைமேடைக் கம்ப்யூட்டர் ஒரு மாலை நின்றுபோனது. வெளியே டிரைலர் வரிசை. “உப்புக்காத்து, ஹார்டு டிஸ்க்கைத் தின்னுடுச்சு” என்றார்கள். எண்ணூர் முதல் ராயபுரம் வரை எந்த மெஷின் நின்றாலும் கடல்மேல்தான் பழி. எனக்கு அது பொறுக்கவில்லை. டிஸ்க்கில் பாதி காலி. எடைக் கணக்கு இருந்த மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் ஃபைல் மட்டும் அதன் 2 ஜிபி எல்லையை முட்டிக்கொண்டு நின்றது.

முதலில் ஒரு நகல் எடுத்தேன். புது ஃபைல் ஒன்றைத் திறந்து டேபிள்களை ஒவ்வொன்றாக இறக்கினேன். சில வரிகள் தவிர எல்லாம் பிழைத்தன. மாதக் கடைசி ரிப்போர்ட்டுக்காகப் போட்டு அழித்த தற்காலிக டேபிள்கள்தான் ஃபைலை ஊத வைத்திருந்தன. ஆக்சஸில் அழித்தால் இடம் திரும்பாது. ‘காம்பேக்ட்’ செய்தால்தான் ஃபைல் சுருங்கும்.

வேலை முடிந்தது. ஆனால் அந்த எல்லை ஏன் 2 ஜிபி?

ராயபுரத்தில் சித்தப்பா இருக்கிறார். தொண்ணூறுகளில் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகங்களுக்கு ஃபாக்ஸ்புரோவில் பில் புரோகிராம் எழுதிக் கொடுத்தவர். அவரிடம் பதில் தயாராக இருந்தது. “ஃபைல்ல எந்த இடம்னு குறிக்க 32 பிட். ஒண்ணு பிளஸ்ஸா மைனஸான்னு காட்டவே போயிடும். மிச்சம் 31. ரெண்டை 31 தடவை பெருக்கிப் பாரு.” 214,74,83,648 பைட். ஃபாக்ஸ்புரோவின் டிபிஎஃப் ஃபைலுக்கு இது கச்சிதமாகப் பொருந்தியது.

ஆக்சஸ் 97-தான் வழியை அடைத்தது. அதன் எல்லை 1 ஜிபி. அதுவும் 32 பிட் காலத்து மென்பொருள்தானே, பிட் கணக்கு உண்மையென்றால் அங்கே ஏன் பாதி? சித்தப்பா அசையவில்லை. “அவன் பாதியிலேயே நிறுத்திட்டான், அவ்ளோதான்.” நான் போகும்போதெல்லாம் இதே சண்டை. சித்தி காபி வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

கடைசியில் வகுத்துப் பார்த்தேன். ஆக்சஸ் ஃபைலைப் பக்கம் பக்கமாகத்தான் எழுதும். 97-இல் ஒரு பக்கம் 2 கேபி. ஆக்சஸ் 2000-இல் 4 கேபி. இரண்டிலும் விடை ஒன்றே: 5,24,288 பக்கங்கள்! பக்க எண்ணிக்கை மாறவே இல்லை, பக்கம்தான் பெரிதாகியிருக்கிறது.

பக்கம் ஏன் இரட்டித்தது? யூனிகோடு வந்ததால். எழுத்துக்கு ஒரு பைட் போய் இரண்டு பைட் ஆனது. பழைய பக்கத்தில் அதே வரி அடங்காது. அத்தோடு என் தேடல் தடம் மாறிவிட்டது. சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடி, டாம், டாப் என்ற தமிழ் எழுத்துக் குறியீடுகள் பேசப்பட்ட அதே 1999-இல், ஆக்சஸ் 2000-இன் அந்த 4 கேபி பக்கத்தில் தமிழுக்கும் இடம் வந்துவிட்டது. ஆங்கில எழுத்தின் இரண்டாவது பைட் பூஜ்யம் என்பதால் அதைச் சுருக்கி வைக்க ஆக்சஸுக்கு வழி உண்டு. தமிழ் எழுத்து சுருங்காது, குறைந்தது இரண்டு பைட்டையாவது கேட்டு வாங்கும். எங்கள் கேட் பாஸில் டிரைவர் பெயர் தமிழில் பதிகிறதே, அதற்கான இடமும் அந்த 2 ஜிபிக்குள்தான் இருக்கிறது. அந்த எல்லையின்மேல் இருந்த கோபம் அன்றே போனது.

சித்தப்பாவிடம் ஓடினேன். கணக்குப் போட்ட பேப்பரை வாங்கிப் பார்த்தார். “4 கேபின்னா ரெண்டின் 12. உன் 5,24,288, ரெண்டின் 19. கூட்டு.”

31.

“நான் சொன்னதுதானே?” என்றார். 97-க்கு 11-ம் 19-ம், முப்பதுதானே வருகிறது என்று நான் மறுபடி ஆரம்பித்தேன்.