களத்தில் ஒரு படகு

கே.ஜி.கண்டிகையில் ஒருவர் படகு வைத்திருந்தார் என்று சொன்னால், நாவல் எழுதுகிறவனுக்கே உரிய துணிச்சல் என்று வாசகர்கள் நினைக்கக்கூடும். திருத்தணியை அடுத்த அந்த ஊரில் நெல் உண்டு, கரும்பு உண்டு, வேர்க்கடலை உண்டு. தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போடுவதும் உண்டு. படகு விடத் தண்ணீர்தான் கிடையாது. திருத்தணிப் பக்கம் நந்தியாறு ஓடுகிறது. ஓடுகிறது என்பது மரியாதைக்காகச் சொல்வது.

படகின் சொந்தக்காரர் என் மைத்துனர். அங்கே சிறிய அரிசி ஆலை வைத்திருக்கிறார். பழவேற்காட்டில் ஒரு கடைக்காரருக்குக் கடனுக்கு அரிசி அனுப்பிக்கொண்டே இருந்தார். அவரும் வாங்கிக்கொண்டே இருந்தார். கடைசியில் பணத்துக்குப் பதிலாகப் படகு வந்து சேர்ந்தது. இரண்டு ஊரும் ஒரே திருவள்ளூர் மாவட்டந்தான். ஒன்று மேற்கு மூலை, மற்றொன்று கிழக்கு மூலை. ஒரு மூலையிலிருந்தவர்கள் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். மறு மூலையில் இறக்குவதற்கு ஆறு பேர் போதும் என்று எண்ணி, பன்னிரண்டு பேரைத் தேட வேண்டியதாயிற்று. அப்போதே எங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

நெல் உலர்த்தும் களத்தின் ஓரத்தில் அது கிடந்தது. பக்கத்து வீட்டுக் கிழவி ஒருத்தி தடியை ஊன்றிக்கொண்டு வந்து, சுற்றிப் பார்த்து, "இதி ஏமி நாயனா?" என்று கேட்டாள். "படவ" என்றார் மைத்துனர். அவள் ஒரு முறை படகைப் பார்த்தாள், ஒரு முறை வானத்தைப் பார்த்தாள், போய்விட்டாள்.

அது ஃபைபர் படகு. கண்ணாடி நாரை விரித்து, அதன்மேல் ரெசினைத் தடவி, அச்சில் வார்த்தெடுப்பது. அமெரிக்காவில் டொலீடோ நகரத்து ரே கிரீன் என்பவர் 1942-இல் இம்மாதிரி ஒரு சிறு படகு செய்தார். நம் கரையில் இது நெடுநாள் கட்டுமரத்துக்கு இளையவனாக இருந்துவிட்டு, 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமிக்குப் பிறகு திடீரென்று மூத்தவனாகிவிட்டது. இழந்த கட்டுமரங்களுக்கு ஈடாக ஃபைபர் படகுகள் நன்கொடையாக வந்து குவிந்தன. அவசரத்தில் செய்தவை பலவற்றின் தரம் போதாது என்று விஷயம் தெரிந்தவர்கள் அப்போதே எச்சரித்தார்கள். எங்கள் படகு அந்தக் கூட்டத்தில் ஒன்றா என்று கண்டுபிடிக்க வழியில்லை. வயது பார்த்தால் ஒத்துவந்தது.

மைத்துனர் அதைத் தேய்த்துக் கழுவி, வெள்ளையும் நீலமுமாக வர்ணம் அடித்தார். நான் பங்குனியில் போனபோது கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஜொலித்துக்கொண்டிருந்தது. பின்புறத்தில் மோட்டார் மாட்டும் பலகை மட்டும் லேசாக ஆடிற்று. அதைச் சரி செய்யக் காசிமேட்டிலிருந்து ஃபைபர் வேலைக்காரர் ஒருவரை வரவழைத்தார்கள்.

அவர் பலகையைப் பார்க்கவே இல்லை. சுத்தியலைத் திருப்பிப் பிடித்து, பிடியால் தளத்தைத் தட்டிக்கொண்டே போனார். முன்பக்கம் 'டங் டங்' என்றது. நடுவுக்கு வந்ததும் 'தொப்' என்றது. "ஐயா, இது தண்ணி குடிச்ச போட்டு" என்றார்.

தளம் எலும்பாக உலர்ந்திருக்கிறதே என்றோம். தண்ணீர் தளத்துக்குக் கீழே இருக்கிறது என்றார். அடித்தோலுக்கும் நாம் மிதிக்கும் தளத்துக்கும் நடுவே ஒரு பள்ளம் உண்டு. படகு கவிழ்ந்தாலும் முழுகாமலிருக்க அந்த இடத்தில் ஃபோம் அடைத்திருப்பார்கள். யாரோ தளத்தில் பெட்டி வைக்க நாலு திருகாணி முடுக்கியிருக்கிறார்கள். மோட்டார் பலகையின் ஆணித்துளை வேறு இருக்கிறது. அலை மோதி மோதித் தளத்தின் ஓரத்தில் மயிரிழையாக வெடிப்பு விட்டிருக்கிறது. அவ்வளவு போதும், தண்ணீருக்கு அவசரம் கிடையாது, வருஷக்கணக்கில் காத்திருந்து இறங்கும். நடுவில் எவரோ தளம் மெத்தென்று அமுங்குவதைக் கண்டு, மேலே இன்னொரு ஃபைபர் பூச்சு போட்டு மூடியிருக்கிறார். மேலே வந்து ஆவியாகவும் வழியில்லை, கீழே வடியவும் துளையில்லை.

பின்புறத்தில் அடிமட்டத்தை ஒட்டித் துரப்பணத்தால் ஒரு துளை போட்டார். டீத் தண்ணீர் நிறத்தில் நீர் பீறிட்டது. அழுகின பலகை வாசனை! குழந்தைகள் கைதட்டினார்கள். இரவு முழுவதும் வாளி மாற்றிக்கொண்டிருந்தோம். காலையில் சொட்டு நின்றது. எனக்குப் பரம திருப்தி. வேலைக்காரரோ தலையை ஆட்டினார். "சும்மா நின்ன தண்ணிதான் வந்துச்சு. ஃபோம் குடிச்சது வராது. தளத்தை அறுத்து எல்லாத்தையும் வெளியே எடுக்கணும்."

ஆகும் செலவைச் சொன்னார். மைத்துனர் மௌனமானார். ஆலைக்கு வாங்கிய கடன் ஏற்கெனவே கழுத்து மட்டத்தில் இருந்தது.

இந்தச் சமயத்தில் படகை வாங்க ஒருவர் வந்தார். ஏரிப் பக்கம் இறால் பண்ணை வைத்திருக்கிறாராம். கூலியாட்களை அக்கரைக்கு ஏற்றிப்போக வேண்டுமாம். நீலத்தையும் வெள்ளையையும் பார்த்தார், கையால் தடவினார், நாங்கள் கனவிலும் நினைக்காத ஒரு தொகையைச் சொன்னார். துளையை வேலைக்காரர் தக்கையால் அடைத்திருந்தார். அந்த மனிதர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

மைத்துனரைத் தனியே அழைத்துப்போய் நான் என்ன சொன்னேன் என்பதை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. "அவர் கேட்கவில்லை. நாம் ஏன் சொல்ல வேண்டும்? நமக்கும் தெரியாமல்தானே ஒருவர் கொடுத்தார்?" என்றேன். நியாயத்தைப் பற்றி நாவலில் முந்நூறு பக்கம் எழுதியவன் நான்.

மைத்துனர் பதில் சொல்லவில்லை. மோர் கொண்டுவந்த அவர் மனைவிதான் பேசினாள். "அண்ணா, அந்தப் படகில் யார் உட்காரப் போறாங்க? அவரா?"

அவ்வளவுதான் கேட்டாள். 2011 டிசம்பர் 25-ஆம் தேதி பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். அந்தப் படகுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இருந்தாலும் எங்கள் மாவட்டத்தில் படகு என்று யாராவது சொன்னால் அந்த நாள் தானாக ஞாபகம் வந்துவிடும். மிதப்பதற்காக வைத்த ஃபோமே தண்ணீரைக் குடித்துக் கனத்திருந்தால், கவிழும் வேளையில் அது யாரைத் தாங்கும்?

மைத்துனர் நேரே களத்துக்குப் போனார். தக்கையைப் பிடுங்கினார். மிச்சமிருந்த நாலு சொட்டு வந்தவர் செருப்பின்மேல் விழுந்தது. அவர் நல்ல மனிதர். கோபிக்காமல் மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் தளத்தை அறுத்தார்கள். ரம்பத்தின் ஆழத்தைப் பலகையின் கனத்துக்கு மட்டும் வைத்து, ஓரத்தில் இரண்டு அங்குலம் விட்டு, சுற்றி அறுத்து மூடியைப் போல் தூக்கினார் வேலைக்காரர். உள்ளே இருந்ததை ஃபோம் என்று சொல்ல முடியாது. மண்வெட்டியால் வெட்டி எடுத்தோம். பிழிந்தால் தண்ணீர் வழிந்தது. கண்ணாடித் தூசு உடம்பெல்லாம் ஏறி மூன்று நாள் குடும்பத்தோடு சொறிந்துகொண்டிருந்தோம். தேங்காயெண்ணெய் ஒரு படி காலி.

பிறகு செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, காயப்போடுவதைத் தவிர. இதில் கே.ஜி.கண்டிகையைப் போல் உதவும் ஊர் கடற்கரை நெடுகிலும் கிடையாது. சித்திரை வெயிலும் அக்கினி நட்சத்திரமும் சேர்ந்து நெல்லைக் காயவைக்கிற மாதிரி படகையும் காயவைத்தன. பகலில் திறந்துவைப்பது, மாலையில் தார்ப்பாய் போடுவது. மைத்துனருக்கு அது ஒரு நித்திய கர்மமாகிவிட்டது.

செலவைக் குறைக்க நான் தெர்மகோல் வாங்கிப் போனேன். வேலைக்காரர் அதன்மேல் ஒரு கரண்டி ரெசினை ஊற்றினார். வெல்லக் கட்டி வெந்நீரில் கரைவதுபோல் என் கண்ணெதிரே கரைந்தது. அதற்குப் பிறகு நான் யோசனை சொல்லவில்லை. மூடி இறுக்கிய பிளாஸ்டிக் கேன்களை அசையாமல் கட்டி வைத்தார். அவற்றுக்கு அடியில் தண்ணீர் ஓடக் கால்வாய் விட்டார். நீளக் கட்டைகளில் வழித்துளை போட்டார். பின்புறம் திருகு மூடி வைத்தார். புதுப் பலகையை இரண்டு பக்கமும், முக்கியமாக வெட்டு விளிம்பிலும், ரெசின் பூசிய பிறகே பொருத்தினார். வேலையெல்லாம் விடியற்காலையில்தான். உச்சி வெயிலில் ரெசின் வாளியிலேயே புகைந்து கல்லாகிவிடுகிறது. ஆடிய மோட்டார் பலகையையும் மறக்காமல் மாற்றினார்.

மைத்துனர் எதையும் நிறுத்துப் பார்க்கிற ஜாதி. படகு வந்த அன்றே கரும்பு லாரி நிறுக்கும் எடைமேடையில் லாரியோடு நிறுத்துச் சீட்டு வாங்கி வைத்திருந்தார்: படகு 790 கிலோ. வேலை முடிந்து நிறுத்தபோது 480. இடையில் போனது 310 கிலோ, ஒரு கன அடி தண்ணீர் 28 கிலோ என்று வைத்துக்கொண்டால் 11 கன அடி. "நாலு மூட்டை நெல், மாமா!" என்றார், யாரோ தம்மிடமிருந்து திருடிக்கொண்டு போன மாதிரி.

ஆனியில் ஒரு மீனவர் வந்து வாங்கினார். வர்ணத்தை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. திருகு மூடியைக் கழற்றி, விரலை உள்ளே விட்டு, முகர்ந்து பார்த்தார். பிறகுதான் விலை பேசினார். பங்குனியில் வந்தவர் சொன்ன தொகையில் பாதிக்குச் சற்று மேலே தேறிற்று. அரிசிப் பாக்கி, வேலைக் கூலி, ரெசின், தேங்காயெண்ணெய் எல்லாம் கூட்டினால் நஷ்டம்தான். எவ்வளவு என்று மைத்துனர் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

லாரி போன மறுநாள் களத்தில் நெல் கொட்டியிருந்தார்கள். கிழவி தடியை ஊன்றிக்கொண்டு வந்தாள்.

"படவ ஏதி நாயனா?"

"நீள்ளகு போயிந்தி அவ்வா" என்றார் மைத்துனர், நெல்லைக் காலால் தள்ளிக்கொண்டே.