தேர்வும் விலகலும்

பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலைக்குச் செல்லும் பெருவீதியில் இருக்கிறது எங்கள் லுணுகலை. ஒரு கடைவீதி, அதைச் சுற்றித் தேயிலையும் இறப்பருமாய் மலைச்சரிவுகள், சரிவுகளில் லயங்கள். 2011ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் திகதி மாலை அந்தக் கடைவீதியின் தேநீர்க் கடையொன்றில், தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால், நிற்கவும் இடமில்லாத கூட்டத்தில் நானும் ஒருவனாய் நின்றேன். மும்பாய் வான்கடே மைதானத்தில் உலகக் கிண்ணத்தின் இறுதிப் போட்டி நடந்துகொண்டிருந்தது. இலங்கையும் இந்தியாவும் மோதின. தோட்டத்து மக்களின் மனம் அன்று எந்தப் பக்கம் நின்றது என்று கேட்டால், ஒரே விடை சொல்ல எனக்கு இயலாது. ஒரே லயத்தில் அண்ணன் ஒரு பக்கமும் தம்பி ஒரு பக்கமுமாக இருந்ததைக் கண்டவன் நான். ஆனால் முத்தையா முரளிதரன் பந்தைக் கையில் எடுத்தபோது கடை முழுவதும் ஒரு கணம் மூச்சடங்கியது. அதுவே அவருடைய கடைசி ஒருநாள் போட்டி என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இலங்கை 274 ஓட்டங்களை எடுத்தது. மஹேல ஜயவர்தன ஆட்டமிழக்காமல் 103 ஓட்டங்களைக் குவித்தார். மாலிங்க தொடக்கத்திலேயே சேவாக்கையும் டெண்டுல்கரையும் வெளியேற்றினார். ஆயினும் கம்பீரின் 97 ஓட்டங்களும் தோனியின் 91 ஓட்டங்களும் கிண்ணத்தை அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டன. காயங்களோடு ஆடிய முரளி எட்டு ஓவர்கள் வீசி, ஒரு விக்கெட்டும் வீழ்த்தாமல் விடைபெற்றார்.

தோல்வி ஒரு புறம் இருக்க, மறுநாள் காலையில் அதே கடையில் எழுந்த கேள்வி வேறொன்று. நான்கு நாட்களுக்கு முன் கொழும்பில் நியூஸிலாந்தை வென்ற அணியில் ஏன் நான்கு பேரை மாற்றினார்கள்? ஏஞ்சலோ மெத்யூஸ் காயமடைந்திருந்தார், அது சரி. அரையிறுதியில் மூன்று விக்கெட்டுகளை வீழ்த்திய அஜந்த மெண்டிஸ் எங்கே? ரங்கன ஹேரத் எங்கே? சாமர சில்வா எங்கே? அவர்களுடைய இடங்களில் நுவன் குலசேகர, திசர பெரேரா, சாமர கப்புகெதர ஆகியோர் வந்தார்கள். மெத்யூஸுக்குப் பதிலாகக் குழாமில் சேர்க்கப்பட்டு, அவசரமாக மும்பாய் சென்ற சுராஜ் ரந்தீவ் நேரே பதினொருவரில் ஒருவரானார். வென்றிருந்தால் இதைத் துணிவு என்று புகழ்ந்திருப்போம். தோற்றதனால் ஐயமாயிற்று.

சில நாட்களுக்குள் விலகல்கள் தொடங்கின. அணித்தலைவர் குமார் சங்கக்கார பதவி துறந்தார். மஹேல உப தலைவர் பதவியை விட்டார். தேர்வாளர் குழுவும், அதன் தலைவர் அரவிந்த டி சில்வாவும் விலகினர். 1996ஆம் ஆண்டு லாகூரில் நடந்த இறுதிப் போட்டியில் ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்களையும் மூன்று விக்கெட்டுகளையும் எடுத்து, நாட்டுக்கு உலகக் கிண்ணத்தைக் கொண்டுவந்த அதே அரவிந்த. வெல்லும்போது தோளில் தூக்கியவர்கள் தோற்றபோது வாசலைக் காட்டுவது விளையாட்டுலக வழக்கம்தான். எனினும் அன்று எனக்கு அவர் செய்தது கண்ணியமான செயலாகவே தோன்றியது. தேர்ந்தவன் தேர்வுக்குப் பொறுப்பேற்கிறான், வேறென்ன வேண்டும்?

கதை அங்கே முடியவில்லை. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், போட்டி நடந்த காலத்தில் விளையாட்டுத்துறை அமைச்சராக இருந்த மஹிந்தானந்த அலுத்கமகே, அந்த இறுதிப் போட்டி விற்கப்பட்டது என்று கூறினார். அரவிந்தவும் சங்கக்காரவும் மணிக்கணக்காக விசாரிக்கப்பட்டார்கள். ஜூலை 3ஆம் திகதி, சான்று எதுவும் இல்லை என்று விசாரணை மூடப்பட்டது. அணி மாற்றத்துக்கு ஆட்டக்காரர்கள் கூறிய விளக்கம் ஏற்கத்தக்கதென்று பொலிஸார் கண்டனர். இங்கே நாம் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின்படி, நாட்டைப் பிரதிநிதித்துவம் செய்யும் அணியின் பட்டியல் அமைச்சரின் ஒப்புதலைப் பெற வேண்டும். பட்டியல் அமைச்சரின் மேசைக்குப் போகிறது. தோற்றால் விலகுபவர் தேர்வாளர். மேசை அங்கேயே இருக்கிறது.

நிற்க. பிறருடைய விலகலைப் பற்றி இவ்வளவு எழுதும் நான், என்னுடைய விலகலைப் பற்றி எழுதாமல் விடுவது நேர்மையாகாது.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. உயர்தரம் எழுதிவிட்டு ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருந்த காலம். எங்கள் தோட்டத்து இளைஞர் மன்றத்தின் செயலாளனாக இருந்தேன். சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கிடையே உதைபந்தாட்டப் போட்டி ஒன்று அறிவிக்கப்பட்டது. தொழிற்சாலைக்குக் கீழே, சரிவை வெட்டிச் சமன் செய்த சிறு மைதானத்தில், மாலை நிறுவைக்குப் பின் பையன்கள் பயின்றார்கள். பந்து விளிம்பைத் தாண்டினால் தேயிலைச் செடிகளூடே உருண்டு ஓடையில் போய் விழும். அதை எடுத்துவரவே பத்து நிமிடம் ஆகும். அணியைத் தெரிவு செய்ய மூவர்: நான், தொழிற்சாலையில் உத்தியோகம் பார்த்த ஒருவர், கந்தோர்க் கிளாக்கர் ஒருவர்.

எங்களிடம் ஒரு பையன் இருந்தான். கொழுந்து பறிக்கும் தாயின் ஒரே மகன், தகப்பன் இல்லை. இடது காலால் அவன் பந்தைக் கொண்டு ஓடுவதைப் பார்த்தால், அந்த மைதானத்தின் குண்டும் குழியும் அவனுக்காகவே வெட்டப்பட்டவையோ என்று தோன்றும். பதினொருவரில் முதற்பெயராக அவன் பெயரை எழுதியிருக்க வேண்டும். ஆனால் போட்டி விதிகளில் ஒரு வரி இருந்தது: ஆட்டக்காரர் யாவரும் சப்பாத்து அணிந்திருத்தல் வேண்டும். அவனுக்குச் சப்பாத்து இல்லை. அவனைப்போல் இன்னும் மூவருக்கு இல்லை.

மன்றத்தின் உண்டியலில் சிறிது பணம் இருந்தது. நான்கு சோடிச் சப்பாத்து வாங்கலாம். அல்லது எல்லோருக்கும் ஒரே நிற ஜேர்சி வாங்கலாம். இரண்டுக்கும் போதாது. நாங்கள் மூவரும் கூடிப் பேசி ஜேர்சி வாங்கினோம். போட்டிக்குப் பெரிய மனிதர் ஒருவர் வரவிருந்தார். படம் பிடிப்பதாகவும் சொன்னார்கள். படத்தில் அணி அழகாக விழ வேண்டும் என்று முதலில் சொன்னவன் நானே. இடதுபுற ஆட்டக்காரனாக, பதுளையில் வாங்கிய புதுச் சப்பாத்து வைத்திருந்த கிளாக்கரின் மருமகனைப் போட்டோம். பையனிடம் யார் சொல்வது என்று மூவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். ஒருவரும் சொல்லவில்லை. பட்டியலை மன்றச் சுவரில் ஒட்டிவிட்டுப் போய்விட்டோம். அவன் வந்து வாசித்தான்.

மூன்று கோல்களால் தோற்றோம். தோட்டம் கொதித்தது. "ஆடத் தெரிஞ்சவன வெளியில நிக்க வச்சிட்டு, சப்பாத்த ஆட விட்டானுங்க" என்று கிழவர் ஒருவர் பிரட்டுக்களத்தில் எல்லோரும் கேட்கச் சொன்னார். அடுத்த ஞாயிறு மன்றக் கூட்டத்தில் என் பதவி விலகற் கடிதத்தை வாசித்தேன். நல்ல தமிழில் எழுதப்பட்ட கடிதம் அது. தோல்விக்கு முழுப் பொறுப்பையும் ஏற்பதாக எழுதியிருந்தேன். வாசித்து முடித்தபோது கைதட்டினார்கள். பாரம் இறங்கிய நெஞ்சோடு வீடு சென்றேன்.

ஒரு வாரம் கழித்து, கூடையோடு மலையேறிக்கொண்டிருந்த அந்தத் தாயைக் குறுக்குப் பாதையில் கண்டேன். ஒதுங்கிப் போக நினைத்தேன், அவளே நின்றாள்.

"தம்பி, நீங்க பதவிய விட்டுட்டீங்கன்னு சொன்னாங்க."

"ஆமாங்க அக்கா. தப்பு எங்க மேலதானே."

அவள் கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டாள். கோபம் இல்லாத குரலில் சொன்னாள்: "உங்களுக்கு விடுறதுக்கு ஒண்ணு இருந்திச்சு தம்பி. எம் மவன் எதை விடுறது? அவன் கையில ஒண்ணுமே குடுக்கலியே."

அந்தத் தீபாவளிக்குப் பின் பையன் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனான். பிறகு அவன் பந்து விளையாடியதாக நான் கேள்விப்படவில்லை.

என் கடிதத்தை மீண்டும் நினைத்துப் பார்க்கிறேன். தோல்விக்காக வருந்தினேன், பையனை நிராகரித்ததற்காக அல்ல. வென்றிருந்தால் நான் விலகியிருக்கவே மாட்டேன். அவனுடைய பெயர் அதில் ஓரிடத்திலும் இல்லை. பட்டியலில்தான் இல்லை என்றால், அதற்கான மன்னிப்பிலும் இல்லை! விலகியதனால் எனக்குக் கிடைத்தது நற்பெயர். சப்பாத்து இல்லாதவன் ஆட முடியாது என்ற விதி அடுத்த ஆண்டும் அப்படியே இருந்தது. அதை மாற்றக் கேட்டிருக்க வேண்டிய செயலாளன் கௌரவமாக வீட்டில் இருந்தான்.

தோட்டத்தில் பிறந்தவனுக்குப் பட்டியல் என்பது புதிய செய்தியன்று. விடியற்காலைப் பிரட்டில் தொடங்குகிறது அது. செக்ரோலில் பேர் விழுந்தால் அன்றைய கூலி. கொழுந்து நிறையில் குறைந்தால் அரைப்பேர். ஒரு மனிதனின் நாளையே "பேர்" என்ற சொல்லால் அளக்கும் மக்கள் நாங்கள். அந்தப் பேரையே ஒட்டுமொத்தமாக அழித்த பட்டியலும் ஒன்று உண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், மலையகத்தை உழைப்பால் வளர்த்த மக்களில் மிகப் பெரும்பாலோரை நாட்டின் அணியிலிருந்து வெளியே நிறுத்தியது. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பமிட்ட உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்து, 150,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்தது. எந்தப் பக்கம் ஆட விருப்பம் என்று ஒப்பந்தம் எழுதுவதற்கு முன் எங்கள் பாட்டன்மாரை ஒருவரும் கேட்கவில்லை.

அப்போதும் விலகியவர்கள் இருந்தார்கள். 1948 டிசம்பரில், இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமை மசோதாவின் பொருட்டு அமைச்சர் பதவியை விட்டு வெளியேறினார் சி. சுந்தரலிங்கம். பிரஜாவுரிமைப் பிரச்சினையில் தமிழ்க் காங்கிரஸை விட்டுப் பிரிந்த எஸ். ஜே. வி. செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைக் கண்டார். முன்னவர் வெளியேறினார்; பின்னவர் வெளியேறியதோடு நில்லாமல், கேட்பதற்கு ஓர் இயக்கத்தையும் அமைத்தார். இந்த வேறுபாட்டை என் இளமையில் நான் அறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆயினும் நாடற்றவர் என்ற சொல் சட்டத்திலிருந்து முற்றாக நீங்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரையில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் காத்திருக்க நேர்ந்தது.

"முரளி வரவில்லையா?" என்று கேட்பார்கள். வந்தார், 800 டெஸ்ட் விக்கெட்டுகளோடு உலகின் உச்சியில் நின்றார். அவருடைய பாட்டனார் 1920ஆம் ஆண்டில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர். ஆனால் பேரன் லயத்திலிருந்து அணிக்கு வரவில்லை. தந்தை கண்டியில் பிஸ்கட் தொழில் நடத்தினார். மகன் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் பயின்றான். அங்கே மைதானம் இருந்தது. வேகப்பந்து வீசிய சிறுவனைச் சுழற்பந்துக்குத் திருப்பிவிடக் கண்ணுள்ள பயிற்சியாளர் ஒருவர் இருந்தார். திறமை அவருடையது, ஐயமில்லை. அந்தத் திறமையைக் காணும் கண்ணின் முன்னால் போய் நிற்பதற்கு இரண்டு தலைமுறை தேவைப்பட்டது. தேர்வாளரின் தவறுகளைப் பற்றி நாடு முழுவதும் பேசுகிறது; தேர்வாளரின் கண்ணுக்கே எட்டாதவர்களைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

அமெரிக்கரின் உதைபந்தாட்டத்தில் ஒரு வழக்கம் உண்டென்று வாசித்திருக்கிறேன். 1936ஆம் ஆண்டு முதல் அங்கே கல்லூரிகளிலிருந்து புதிய ஆட்டக்காரரைத் தெரிவு செய்யும்போது, முந்திய பருவத்தில் கடைசியாக வந்த அணிக்கே முதல் உரிமை. தவறானவனைத் தெரிந்துவிட்டால் அங்கும் அதிகாரிகள் பதவி இழக்கிறார்கள். முதலாளிகளின் வியாபாரம்தான் அது. ஆட்டம் சுவைகெட்டால் வருமானம் குறையும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. இருந்தாலும், கடைசியில் நிற்பவன் முதலில் கேட்கப்பட வேண்டும் என்ற அறிவு வியாபாரிகளுக்கே இருக்கும்போது, மைதானம், பாடசாலை, பயிற்சியாளர், சப்பாத்து ஆகியவற்றைப் பங்கிடும் அரசுக்கு அது ஏன் இருக்கக்கூடாது?

விலகுவது தவறென்று நான் சொல்லவில்லை. பதவியைப் பிடித்துத் தொங்குபவர்கள் நிறைந்த நாட்டில் விலகுபவன் மதிக்கத்தக்கவனே. ஆனால் விலகல் கணக்கைத் தீர்ப்பதில்லை; கணக்கைப் பிறர் கையில் கொடுத்துவிட்டுப் போகிறது. வெளியே நிறுத்தப்பட்டவன் பெயரைச் சொல்லி, ஏன் நிறுத்தினோம் என்று சொல்லி, நிறுத்திய விதியை மாற்றிவிட்டு விலகுபவனே பொறுப்பை ஏற்றவன்.

அந்த மைதானத்தில் இன்றும் மாலையில் பையன்கள் விளையாடுகிறார்கள். பந்து இன்றும் ஓடையில்தான் விழுகிறது. மன்றக் கூட்டத்துக்கு மூத்தவன் என்று என்னை அழைப்பார்கள். பதவி எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அணியின் பெயர்களை எழுதத் தாளை விரிக்கும்போது ஒரு கேள்வியை மட்டும் விடாமல் கேட்கிறேன்: "சப்பாத்து இல்லாதவங்க எத்தனை பேர்?" அந்த எண்ணைத் தாளின் தலைப்பில் எழுதிய பிறகுதான் முதற்பெயரை எழுத விடுகிறேன்.