நாற்காலியோட தூக்கிட்டுப் போனாங்க

ராத்திரி தூக்கம் வராம ஜெரார்ட் கிரெஃப்ட் பத்திப் படிச்சேன். சிட்னி ஆஸ்திரேலியன் மியூசியத்தோட கியூரேட்டர்.

1874ல வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க.
மனுஷன் நாற்காலிய விட்டு எந்திரிக்கல.
குத்துச்சண்டைக்காரங்கள வச்சு நாற்காலியோட தூக்கித் தெருவுல விட்டாங்க!

(ஹெச்ஆர் மெயில் வந்தாலே எனக்குக் கை நடுங்கும்.)

ஆடு மாடு பெருகப் பெருக ஆஸ்திரேலிய மண்ணோட உயிரினங்க காணாமப் போகுதுன்னு 1860கள்லயே எழுதுனவர். அதே ஆளு, பிடிச்சுட்டு வந்த அபூர்வமான 'பன்றிக்கால் பாண்டிகூட்'ங்கற சின்ன விலங்கப் பசி தாங்காம சமைச்சுத் தின்னதையும் அவரே எழுதி வச்சிருக்கார். அந்த இனமே இப்ப இல்ல. தின்னத மறைக்காம எழுதுனதுக்காகவே எனக்கு அவரப் பிடிச்சுப்போச்சு.

வேலை போனப்புறம் அவருக்கு ஆதரவு வராம இல்ல. கோர்ட் 250 பவுண்டு நஷ்டஈடு குடுக்கச் சொல்லுச்சு. 1876ல சட்டசபை 1000 பவுண்டு ஒதுக்குச்சு. ஆனா 'வேற எதுவும் கேக்கமாட்டேன்னு எழுதிக்குடு'ன்னு அரசாங்கம் கொக்கி போட்டுச்சு.
வேலை மட்டும் திரும்பக் கிடைக்கல. 1881ல செத்துட்டார்.

அவர் பேர் வச்ச வாம்பேட்ங்கற விலங்கு இனம் ஒண்ணு இருக்கு. மொத்தமே சில நூறுதான் மிச்சம்.

சரி, உங்க ஊர் மியூசியத்துல ஒருத்தர இப்படித் தூக்கிப் போட்டா, நீங்க தெருவுக்கு வருவீங்களா, இல்ல என்னைய மாதிரி போஸ்ட் போடுவீங்களா?