அஞ்சரை பென்ஸ்... வேணுமா, வேணாமா?

ஒரு சின்னக் கணக்கு, ஃப்ரெண்ட்ஸ். கால்குலேட்டரை எல்லாம் தேட வேண்டாம், மனக்கணக்கே போதும்.

நீங்கள் ஒரு சுரங்கக் கம்பெனியின் ஷேர் பத்தாயிரம் வாங்கி வைத்திருக்கிறீர்கள். ஒரு ஷேர் 20 பென்ஸ். ஆக மொத்தம் 2,000 பவுண்டு. சுரங்கம் இன்னும் வெட்டி முடியவில்லை, விற்பதற்கு ஒரு மூட்டை சரக்குகூட வெளியே வரவில்லை. திடீரென்று ஒரு மெகா கம்பெனி வந்து, "மொத்தமா நாங்களே எடுத்துக்கிறோம், ஷேருக்கு 5.5 பென்ஸ் தர்றோம்" என்கிறது. உங்கள் கைக்கு வருவது 550 பவுண்டு. வேண்டாம் என்று மறுத்தால்? இன்னும் நல்ல விலை கிடைக்கலாம். கம்பெனியே திவாலாகி, ஒரு பைசாகூடத் தேறாமல் போகலாம்.

சொல்லுங்க பாஸ், உங்க ஓட்டு எந்தப் பக்கம்?

இது எக்ஸாமுக்காக யாரோ ரூம் போட்டு யோசித்த கேள்வி இல்லை. 2020 ஜனவரியில் சுமார் 85,000 சிறு முதலீட்டாளர்கள் முன்னால் நிஜமாகவே வந்து நின்ற கேள்வி. இடம், இங்கிலாந்தின் வடகிழக்கு. கம்பெனி, சிரியஸ் மினரல்ஸ். வாங்க வந்தது, ஆங்கிலோ அமெரிக்கன்.

அப்போது நான் அந்த ஏரியாவில், மிடில்ஸ்பரோவில்தான் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். வாரக் கடைசியில் ஒரு கிடங்கில் பார்ட் டைம் வேலை. அட்டைப்பெட்டி அடுக்கும் வேலையில் எனக்கு ஜோடி, அறுபதை நெருங்கிய ஒரு பெரியவர். பக்கத்து ஊரான ரெட்காரில் பெரிய இரும்பு ஆலை ஒன்று இருந்தது. 2015-ல் அதை இழுத்து மூடியபோது வேலை போன கூட்டத்தில் அவரும் ஒருவர். டீ பிரேக்கில் மனுஷன் கால்பந்து பேசுவார், மழையைத் திட்டுவார், அப்புறம் ஆட்டோமேட்டிக்காக சிரியஸுக்கு வந்துவிடுவார்.

அப்படி என்ன இருக்கிறது சிரியஸில்? விட்பி என்ற கடலோர ஊருக்குப் பக்கத்தில், தேசியப் பூங்காவுக்கு அடியில், சுமார் ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில் பாலிஹாலைட் என்ற தாது கொட்டிக் கிடக்கிறது. பொட்டாசியம், கந்தகம், மக்னீசியம், கால்சியம்... நாலும் ஒரே கல்லில் இருக்கும் உரச் சரக்கு. மேலே இருக்கும் பூங்காவின் அழகு கெடக் கூடாது என்பதற்காக, தாதுவை 37 கிலோமீட்டர் சுரங்கப் பாதை வழியாகவே டீஸைடு வரை கொண்டுவரத் திட்டம். 2015-ல் அனுமதி கிடைத்தது. இரும்பு ஆலை போன அதே வருஷம் இப்படி ஒரு செய்தி வந்தால் ஒரு ஊர் எப்படிக் கொண்டாடும் என்று யோசித்துப் பாருங்கள்!

"பேங்க்ல போட்டிருக்கலாமே?" என்று ஒருநாள் கேட்டேன். பெரியவர் டீயை ஒரு முழுங்கு குடித்துவிட்டுச் சொன்னார்: "பேங்க் என் பேரனுக்கு வேலை தராதே தம்பி."

அந்த ஒரு வரியில் எனக்கு எல்லாம் புரிந்தது. அது வெறும் லாபக் கணக்கு இல்லை. ஊர் மேலே கட்டின பந்தயம்.

சரி, பிரச்னை எங்கே வந்தது? தாதுவில் இல்லை. பணத்தில். சுரங்கம் வெட்டுகிற கம்பெனிக்குச் சரக்கு விற்கும் வரை வருமானம் கிடையாது. ஆனால் செலவு மட்டும் தினமும் உண்டு. அதனால் திரும்பத் திரும்பப் பணம் திரட்ட வேண்டும். 2016 கடைசியில் 20 பென்ஸ் விலையில் புது ஷேர் விற்றார்கள். 2019-ல் இன்னொரு முறை, 15 பென்ஸ் விலையில். அடுத்த படி, 500 மில்லியன் டாலருக்குக் கடன் பத்திரம். அது விற்றுப் போனால்தான் ஜே.பி. மார்கன் ஏற்பாடு செய்திருந்த 2.5 பில்லியன் டாலர் கடனுக்குக் கதவு திறக்கும். 2019 செப்டம்பரில், சந்தை சரியில்லை என்று அந்தப் பத்திர விற்பனையையே கைவிட்டார்கள். ஒரே நாளில் ஷேர் விலை பாதிக்கு மேல் காலி.

நான் ஊரைவிட்டு அங்கே போய் இறங்கிய மாதம் அது. எனவே நான் பார்த்தது முழுக்க அதற்குப் பிறகு வந்த நாட்களைத்தான். "பெரிய கம்பெனி ஒண்ணு கண்டிப்பா வரும். இப்படி ஒரு சுரங்கத்தை விட்டுட யாருக்கும் மனசு வராது!" கிடங்கில் இதே பேச்சு. யார் வருவார்கள், என்ன விலை தருவார்கள் என்று ஆளுக்கு ஒரு கணிப்பு. நம்ம ஹாஸ்டலில் மேட்ச்சுக்கு முந்தின ராத்திரி நடக்குமே, அதே சீன்!

வந்தார்கள். அவர்கள் சொன்னபடியே பெரிய கம்பெனிதான் வந்தது. விலைதான் யாரும் சொன்னபடி இல்லை.

இங்கே கொஞ்சம் உஷாராகக் கவனியுங்கள். 2020 ஜனவரி 20 அன்று ஆங்கிலோ அமெரிக்கன் 5.5 பென்ஸ் என்று உறுதி செய்ததும், "34 சதவிகிதம் கூடுதல் விலை" என்று தலைப்புச் செய்தி. பொய் இல்லை. ஜனவரி 7-ஆம் தேதி ஷேர் 4.1 பென்ஸில் முடிந்திருந்தது. அதோடு ஒப்பிட்டால் 34 சதவிகிதம் அதிகம். 20 பென்ஸுக்கு வாங்கியவருக்கோ 72.5 சதவிகிதம் நஷ்டம். ஒரே விலைதான், ஒரு பக்கம் பார்த்தால் போனஸ், இன்னொரு பக்கம் பார்த்தால் பட்டை நாமம்! இனிமேல் "இத்தனை சதவிகிதம் பிரீமியம்" என்று எங்கே படித்தாலும், எந்தத் தேதி விலையிலிருந்து என்று முதலில் கேளுங்கள்.

அப்புறம் ஓட்டு விஷயம். இந்த மாதிரி டீல் நிறைவேற, ஓட்டுப் போட்டவர்களின் ஷேர் மதிப்பில் 75 சதவிகிதம் சம்மதிக்க வேண்டும். ஓட்டுப் போட்டவர்களின் தலை எண்ணிக்கையிலும் பாதிக்கு மேல் வேண்டும். அட, தலைக்கு ஒரு ஓட்டு, சூப்பர் ஜனநாயகம் என்கிறீர்களா? வெயிட் ப்ளீஸ். ஆன்லைன் புரோக்கர் மூலம் வாங்கியவர்களின் பெயர் கம்பெனியின் பதிவேட்டில் இருக்காது. புரோக்கரின் நாமினி பெயர்தான் இருக்கும். அதற்குப் பின்னால் ஆயிரக்கணக்கான பேர் இருந்தாலும், பதிவேட்டுக் கணக்கில் அவர்கள் தலைகள் அல்ல. நம்ம பெரியவரும் அப்படித்தான். தன் ஓட்டைத் தானே போட முடியாது, புரோக்கரிடம் கெடு தேதிக்குள் சொல்லி அனுப்ப வேண்டும். ஒரு லஞ்ச் பிரேக் முழுக்க போனைக் காதில் வைத்துக்கொண்டு அவர் காத்திருந்ததைப் பார்த்தேன்.

கம்பெனி நிர்வாகம் சொன்னது இதுதான்: வேறு வழி எல்லாம் தேடிவிட்டோம், இந்த டீலும் கைவிட்டுப் போனால் திவால் நிலைக்குப் போக வாய்ப்பு அதிகம். எதிர்த்தவர்கள் சொன்னது: இது பயமுறுத்தல், சும்மா நின்றால் அவர்களே விலையை ஏற்றுவார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. அதனால்தான் அத்தனை பேருக்குத் தூக்கம் போனது.

2020 மார்ச் 3, ஓட்டெடுப்பு. மதிப்பில் 80.28 சதவிகிதம் ஆதரவு. டீல் முடிந்தது. மொத்த விலை சுமார் 405 மில்லியன் பவுண்டு.

பெரியவர் என்ன செய்தார்? சம்மதம் என்றுதான் சொல்லி அனுப்பினார். "கோபத்தை வெச்சு ஓட்டுப் போட்டா, கோபம் மட்டும்தான் மிஞ்சும்" என்றார். அடுத்த சில வாரங்களில் கொரோனா வந்து உலகச் சந்தைகளே தலைகுப்புற விழுந்தன. அந்த 5.5 பென்ஸும் கையில் இல்லாமல் இருந்திருந்தால்? யோசிக்கவே வயிற்றைக் கலக்குகிறது.

'அப்போ வாங்கினவன்தான் கில்லாடி, அடிமாட்டு விலைக்கு அமுக்கிட்டான்' என்று தோன்றுகிறதா? கதை அங்கேயும் முடியவில்லை. ஆங்கிலோ அந்தச் சுரங்கத்துக்கு மேலும் மேலும் பணத்தைக் கொட்டியது. 2023-ல் 1.7 பில்லியன் டாலரும், 2024-ல் 1.6 பில்லியன் டாலரும் அதன் மதிப்பிலிருந்து கழித்துக் கணக்கு எழுதியது. 2024 ஏப்ரலில் பி.எச்.பி. என்ற இன்னும் பெரிய மீன், ஆங்கிலோவையே விழுங்க வந்தது. ஆங்கிலோ தப்பித்தது. ஆனால் தப்பிக்க வகுத்த திட்டத்தில், விட்பி சுரங்க வேலையின் வேகம் குறைக்கப்பட்டது. எங்கேயோ இரண்டு பெரிய கம்பெனிகள் போட்ட சண்டையில், பெரியவரின் பேரன் வேலைக்குப் போகும் தேதி தள்ளிப் போனது. அவ்வளவுதான் உலகம்!

இங்கே தாது நிஜமாகவே இருந்தது. இல்லாத தாதுவுக்குப் போட்டி நடந்த கதையும் உண்டு. கனடாவின் பிரி-எக்ஸ் கம்பெனி, இந்தோனேசியாவின் புசாங் காட்டில் 7 கோடி அவுன்ஸ் தங்கம் என்றது. பாரிக், பிளேசர் டோம் என்று ஜாம்பவான்கள் அதைப் பிடிக்க முட்டி மோதினார்கள். 'அவ்வளவு பெரிய ஆளுங்களே அடிச்சுக்கறாங்கன்னா தங்கம் இல்லாமலா போகும்?' என்று சிறு முதலீட்டாளர்கள் நம்பினார்கள். கம்பெனியின் சந்தை மதிப்பு சுமார் 6 பில்லியன் கனடா டாலரைத் தொட்டது. 1997 மார்ச்சில், கூட்டாளியாக வந்த ஃப்ரீபோர்ட் தானே துளை போட்டுப் பார்த்தது. சொல்லிக்கொள்ளும்படி தங்கமே இல்லை! மண் மாதிரியில் வெளியிலிருந்து தங்கத்தூளைக் கலந்திருந்தார்கள். துளையிட்டு எடுத்த பாறையைப் பிளந்து பாதியைச் சாட்சியாக எடுத்து வைப்பது இந்தத் தொழிலின் பழக்கம். பிரி-எக்ஸ் முழுசையும் பொடித்துவிட்டது. அந்த ஒரு விஷயமே அலாரம் அடித்திருக்க வேண்டும். போட்டிச் சத்தத்தில் அது காதில் விழவில்லை.

அப்போ வந்த விலைக்கு எப்போதும் தலையாட்டிவிட வேண்டுமா? நோ! மங்கோலியாவின் ஓயு தோல்கோய் தாமிரச் சுரங்கத்தை வைத்திருந்த டர்க்கோய்ஸ் ஹில் கம்பெனியைப் பாருங்கள். அதில் 51 சதவிகிதம் ரியோ டின்டோவுடையது. மீதியையும் வாங்க 2022 மார்ச்சில் ஷேருக்கு 34 கனடா டாலர் என்றது. மைனாரிட்டி முதலீட்டாளர்கள் மசியவில்லை. விலை 40 ஆனது, பிறகு 43 ஆனது. அந்த டிசம்பரில் டீல் முடிந்தது. இங்கே மட்டும் பிடிவாதம் எப்படிப் பலித்தது? அந்தச் சுரங்கம் ஏற்கெனவே தாமிரம் எடுத்துக்கொண்டிருந்தது. மைனாரிட்டியின் பெரும்பான்மை ஓட்டு இல்லாமல் டீல் நடக்காது. பெரிய ஃபண்டுகளும் எதிர்த்து நின்றன. பிடிவாதத்துக்கு முதுகெலும்பு இருந்தது.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'பெரியவன் வந்து வாங்குவான்' என்பது ஒரு ஷேரை வாங்குவதற்கான காரணமே இல்லை. தாது பொய்யாக இருந்தாலும் வருவான், உண்மையாக இருந்தாலும் வருவான். அவன் வரும்போது யாருக்கு அவசரம் அதிகம் என்பதுதான் விலையை முடிவு செய்கிறது. சிரியஸுக்குப் பணம் தீர்ந்துகொண்டிருந்தது, ஆங்கிலோவுக்கு நேரம் இருந்தது. பூமிக்கு அடியில் இருக்கிற தாதுவுக்கு அவசரமே கிடையாது. கோடிக்கணக்கான வருஷம் இருந்த மாதிரி இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகும். வாடகையும் வட்டியும் நமக்குத்தான்!

உங்களில் பலர் முதல் சம்பளத்துக்கு முன்னாலேயே டிமேட் கணக்கு திறந்தாச்சு, தெரியும். எவனாவது ரூம்மேட், "மச்சி, இந்தக் கம்பெனியை பெரிய ஆளு வளைக்கப் போறான், இப்பவே அள்ளிப் போடு!" என்று காதில் ஓதினால், மூன்றே மூன்று கேள்வி கேளுங்கள். தாது இருக்கிறது என்று கம்பெனியைத் தவிர வேறு யார் சோதித்துச் சொன்னது? கையிருப்புப் பணம் எத்தனை மாதம் தாங்கும்? டீல் வந்தால், என் ஓட்டு யார் பெயரில் இருக்கும்?

பதில் தெரியாமல் முழித்தால், அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். செலவு பத்துப் பதினைந்து ரூபாயோடு போகும்.