பாய்மரத்துக்குள் ஒரு ஒயர்

நங்கூரமிட்ட பாய்ப்படகில் படுத்துத் தூங்கியவர்களுக்குத் தெரியும்: காற்றடிக்கும் இரவைவிடக் காற்று ஓய்ந்த இரவுதான் தூக்கத்தைக் கெடுக்கும். காற்று இருந்தால் படகு அதற்கு முகம் கொடுத்து ஓரளவு நிலையாக நிற்கும். காற்று விழுந்த பிறகு, எங்கோ போன கப்பலின் அலை பக்கவாட்டில் வந்து தட்டினாலும் போதும், படகு இடமும் வலமுமாக ஆடத் தொடங்கிவிடும். கூடவே தலைமாட்டில் அந்தச் சத்தமும் தொடங்கும். டுக். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் டுக்.

அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில், நாராகன்செட் விரிகுடாவை ஒட்டிய பிரிஸ்டல் என்ற சிறிய ஊரில் எங்கள் படகு நிற்கிறது. நானும் தூத்துக்குடிக்காரரான ஓர் அண்ணனும் சேர்ந்து வாங்கியது. 1970களில் கட்டிய, 30 அடிப் படகு. அதன் அலுமினியப் பாய்மரம் மேல்தளத்தைத் துளைத்துக்கொண்டு அறைக்குள் இறங்கிப் படகின் அடியில் ஊன்றி நிற்கிறது. படுத்தால் தலைக்கு ஒரு முழத் தூரத்தில் பாய்மரம்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேட ஆரம்பித்தபோது முதலில் சந்தேகப்பட்டது வெளியே தொங்கும் கயிறுகளை. பாயை மேலே ஏற்றும் கயிறுகளைப் படகுக்காரர்கள் ஹாலியார்ட் என்பார்கள். எங்கள் படகில் அவை பாய்மரத்துக்கு வெளியே ஓடுகின்றன. ரப்பர் கயிறு போட்டு அவற்றை, பாய்மரத்தை இருபுறமும் தாங்கும் பக்கக் கம்பிகளோடு இழுத்துக் கட்டினோம். சத்தம் குறையவில்லை. அண்ணன் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, இது கயிறு இல்ல. கயிறு அடிச்சா டிங் டிங்னு வேகமா கேக்கும், அதுக்குக் காத்து வேணும். இது மெதுவா உள்ளேருந்து வருது.”

பக்கக் கம்பிகளும் இல்லை. காற்றில் அவை எழுப்புவது ரீங்காரம். கம்பியின் இருபுறமும் காற்று மாறி மாறிச் சுழித்து விலகுவதால் வரும் ஒலி அது. அந்த ஒலியின் சுருதி காற்றின் வேகத்தையும் கம்பியின் தடிமனையும் பொறுத்தது என்று செக் நாட்டு இயற்பியலாளர் ஸ்ட்ரூஹல் 1878-லேயே அளந்து எழுதிவிட்டார். அந்தக் கணக்குப்படி, நொடிக்கு 10 மீட்டர் வேகக் காற்றில் 6 மில்லிமீட்டர் கம்பியின் ஒலி நொடிக்குச் சுமார் 330 முறை அதிரும். எங்களுக்குக் கேட்டதோ இரண்டு நொடிக்கு ஒன்று. படகு ஒருமுறை இடமும் வலமும் ஆடி முடிக்கும் நேரத்தில் சரியாக இரண்டு தட்டு.

பாய்மரத்தில் உள்ளங்கையை வைத்தேன். சத்தம் காதுக்கு எட்டும்போதே உலோகத்தின் உதறலும் கைக்குத் தெரிந்தது. நீர்மட்டத்திலிருந்து பாய்மர உச்சி ஏறக்குறைய 12 மீட்டர். படகு பக்கத்துக்குப் பத்து டிகிரி சாய்ந்தாலே உச்சி 4 மீட்டருக்கு மேல் வீசிப் போய்த் திரும்புகிறது. திரும்பும் அந்தக் கணத்தில் பாய்மரம் நிற்க, உள்ளே தளர்ந்து தொங்கும் ஒயர் போன திசையிலேயே போய்ச் சுவரில் மோதும். உள்ளே இருப்பது வானொலி ஆன்டெனாவின் கேபிள், உச்சி விளக்கின் ஒயர், காற்றளக்கும் கருவியின் ஒயர். மூன்றும் மேலே ஓர் இடத்திலும் கீழே ஓர் இடத்திலும்தான் பிடித்திருந்தன.

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் பாய்மரம் என்பது மரமாக இருந்த காலத்தில் இந்தத் தொல்லை இருந்திருக்காதே என்ற எண்ணம் என்னை விடவில்லை. மரம் அதிர்வைத் தனக்குள்ளேயே விழுங்கும். அலுமினியக் குழாய் விழுங்காது, மணி மாதிரி கொண்டுபோய்ச் சேர்க்கும். அப்படியானால் பாய்மரம் எப்போது உலோகக் குழாயாக மாறியது?

அதற்கான விடையின் பெரும்பகுதி எங்கள் ஊரிலேயே கிடந்தது. பிரிஸ்டலில் ஹெரெஷாஃப் கடல்சார் அருங்காட்சியகம் இருக்கிறது. 1903-இல் அமெரிக்கா கோப்பை என்ற பாய்ப்படகுப் பந்தயத்துக்காக நதானியல் ஹெரெஷாஃப் இங்கே கட்டிய ‘ரிலையன்ஸ்’ படகின் மாதிரியை, ஆறில் ஒரு பங்கு அளவில், அங்கே பார்க்கலாம். அதற்கே பாய்மரம் எஃகுக் குழாய்தான். மேல்பகுதி மரம் அந்தக் குழாய்க்குள் இறங்கி மறையும்படி செய்திருந்தார்கள். ஆனால் எங்கள் பாய்மரத்தின் நேர் மூதாதை என்று நான் கருதுவது ‘என்டர்பிரைஸ்’ படகின் பாய்மரத்தை. இந்தப் படகையும் இதே ஊரில், ஹெரெஷாஃப் பட்டறையில்தான் 1930-இல் கட்டினார்கள். வடிவமைத்தவர் ஸ்டார்லிங் பர்ஜெஸ். அதன் பாய்மரம் டூராலுமின் என்ற அலுமினியக் கலவை, தகடுகளை ரிவெட் அடித்துச் சேர்த்த குழாய்.

அந்தப் பாய்மரத்தை உருவாக்கியவர் ஸ்டார்லிங்கின் தம்பி சார்லஸ் பர்ஜெஸ். அமெரிக்கக் கடற்படைக்காக ஆகாயக் கப்பல்களை வடிவமைத்தவர், 1927-இல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதியவர். டூராலுமினும் அந்த வழியில் வந்ததுதான். ஜெர்மனியில் ஆல்ஃபிரட் வில்ம் கண்டுபிடித்த கலவை, செப்பலின் ஆகாயக் கப்பல்களின் எலும்புக்கூடாகிப் பெயர் பெற்றது. மேகத்துக்குப் போக வேண்டிய உலோகத்தை ஸ்டார்லிங்கின் படகுக்காகத் தம்பி கடலில் நட்டார். பளு குறைந்த அந்தப் பாய்மரத்தோடு என்டர்பிரைஸ் அந்த ஆண்டு அமெரிக்கா கோப்பையில், போட்டிக்கு வந்த தாமஸ் லிப்டனின் ‘ஷாம்ராக் 5’ படகை நான்கு பந்தயங்களிலும் தோற்கடித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அச்சில் பிதுக்கி எடுக்கும் ரிவெட் இல்லாத அலுமினியக் குழாய்கள் மலிவாகி, எங்களைப் போன்றவர்களின் சிறிய படகுகளுக்கும் வந்துவிட்டன.

ஒயர் உள்ளே வந்த காரணம் வேறு. வானொலி ஆன்டெனா உயரத்தில் இருந்தால்தான் தூரம் எட்டும். விளக்குக்குக் கடல் விதியும் ஒரு காரணம். 20 மீட்டருக்குக் குறைவான பாய்ப்படகு பாயை மட்டும் நம்பிப் போகும்போது சிவப்பு, பச்சை, வெள்ளை மூன்றையும் ஒரே விளக்காகப் பாய்மர உச்சியில் வைத்துக்கொள்ளலாம் என்கிறது மோதல் தடுப்பு விதி. அலைகளுக்கு மேலே தெரியும், மின்சாரமும் மிச்சம். நல்ல ஏற்பாடுதான்.

இலையுதிர் காலத்தில் கிரேன் வைத்துப் பாய்மரத்தைக் கழற்றித் தாங்கிகள் மேல் படுக்கப் போட்டோம். பழைய கேபிளை உருவியபோது கறுப்பு உறை ஆங்காங்கே தட்டையாகத் தேய்ந்து, அதில் சாம்பல் நிற அலுமினியப் பொடி ஏறியிருந்தது. ஒவ்வொரு இரவும் எங்கே அடித்தது என்று அதிலேயே எழுதியிருந்தது.

சிலர் இந்த இடத்தில் விரியும் நுரையைப் பீய்ச்சி அடைத்துவிடச் சொல்வார்கள். கூடவே கூடாது. நுரை உப்புத் தண்ணீரைப் பிடித்து அலுமினியத்தோடு ஒட்டி வைத்துக்கொள்ளும், உலோகம் அரிக்கும், பிறகு ஒரு ஒயரையும் மாற்ற முடியாது. ஹாலியார்டுகளும் உள்ளே ஓடும் படகென்றால் பிவிசி பைப்பைச் சுவரோடு ரிவெட் அடித்து அதற்குள் ஒயர்களை விடுவது நல்லது. எங்களுக்கு உள்ளே ஒயர் மட்டும்தான். படகுத்துறையில் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் வழி சொன்னார்: கேபிள் டை மூன்று, மூன்று திசை பார்த்து, ஒரு மீட்டருக்கு ஒரு தொகுதி, வாலை வெட்டக் கூடாது.

கணக்குப் பார்த்தேன். 20 சென்டிமீட்டர் டை 2 சென்டிமீட்டர் தடிமனுள்ள ஒயர்க் கட்டைச் சுற்ற 6 சென்டிமீட்டர் போகும். மிச்சம் 14. நடுவிலிருந்து சுவருக்கு எங்கும் 9 சென்டிமீட்டருக்கு மேல் இல்லை. ஆகவே வால் சுவரில் முட்டி வளைந்து நிற்கும், ஒயர் நடுவில் மிதக்கும். மோதும் இடத்தில் எதையும் திணிக்கவில்லை. மோத விடாமல் முன்கூட்டியே தொட்டுப் பிடித்துக்கொள்வதுதான் இந்த வழியின் அழகு.

இந்த டையின் பிறப்பைத் தேடினால் அதுவும் ஆகாயத்துக்கே போகிறது. தாமஸ் அண்ட் பெட்ஸ் நிறுவனத்தின் மாரஸ் லோகன் 1956-இல் போயிங் விமானத் தொழிற்சாலையைப் பார்க்கப் போனார். ஆணியடித்த பலகைகளில் ஒயர்களைப் பரப்பி, மெழுகு தடவிய நைலான் நூலால் தொழிலாளர்கள் ஒவ்வொரு முடிச்சாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இழுத்து இழுத்து அவர்கள் விரல்கள் காய்த்துப் போயிருந்தன. அதைப் பார்த்துவிட்டு வந்தவர் 1958-இல் ‘டை-ரேப்’ பட்டைக்குக் காப்புரிமை கோரினார். ஆகாயக் கப்பலிலிருந்து வந்த குழாய்க்குள் விமானத்துக்குச் செய்த பட்டை வந்து சேர்ந்த இடம்தான் எங்கள் பாய்மரம். எனக்கு இது மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. முகம் தெரியாத அந்தத் தொழிலாளர்களின் விரல்களுக்கு நானும் கடன்பட்டிருக்கிறேன்.

வசந்தத்தில் பாய்மரத்தை நட்ட பிறகு அந்தச் சத்தம் வரவில்லை. ஒயர்களின் பளு முனையிணைப்பில் விழாதபடி உச்சியில் ஒரு கொக்கியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். வெயிலில் நைலான் நொறுங்கும், அதனால் வெளியே கறுப்பு டை மட்டும்; உள்ளே இருட்டுதான், வெள்ளையே போதும். கூடவே ஒரு மெல்லிய நைலான் கயிற்றையும் மேலிருந்து கீழ்வரை விட்டு, அதையும் அதே டைகளுக்குள் சேர்த்துக் கட்டாமல் தனியாக விறைப்பாக இழுத்து வைத்தார் அண்ணன். அடுத்த ஒயரை இழுக்க அது வேண்டும்.