கொட்டகையின் கால்கள்

மொட்டைமாடிக்கு மறுபடியும் ஷீட் போடலாம் என்று போன ஏப்ரலில் அம்மாதான் ஆரம்பித்தாள். பகலெல்லாம் வெயில் குடித்த தளம் ராத்திரி முழுக்க அதைக் கீழ் அறையில் கக்கிக்கொண்டிருந்தது. எட்டு வருடமாக எங்கள் வீட்டில் யாரும் வாயில் எடுக்காத பேச்சு அது.

2016 டிசம்பர் 12, வர்தா சென்னையில் கரை கடந்த திங்கட்கிழமை. பெரம்பூரில் எங்கள் மாடியில் போட்டு ஒரு வருடம்கூட ஆகாத ஷீட் கொட்டகை, மதியத்துக்கு மேல் காற்று திசை மாறி அடித்தபோது கிளம்பிவிட்டது. கிளம்பியது என்றுதான் சொல்ல வேண்டும். பிய்ந்து விழவில்லை. பல்லைப் பிடுங்கினால் வேரோடு வருமே, அதுபோல கால்களும், கால்களை நட்டிருந்த காங்கிரீட் கட்டிகளும் சேர்ந்தே எழுந்தன. பின்தெருவில் நின்ற ஆட்டோவின் மேல் போய் விழுந்தது. ஆட்டோக்காரர் அப்போதுதான் டீ குடிக்க வீட்டுக்குள் போயிருந்தார். அப்பா செலவை ஏற்றுக்கொண்டார். ஆனால் மூன்று வாரம் வண்டி ஓடாத வருமானத்துக்கு யார் என்ன கொடுத்துவிட முடியும்?

"வேலை செஞ்சவன் ஏமாத்திட்டான்" என்பது அன்றிலிருந்து எங்கள் வீட்டுத் தீர்ப்பு. அப்பா போகும்வரை அதை மாற்றவில்லை.

இந்த முறை ஏமாறக் கூடாது என்று, கணினிக்காரன் புத்தி, எக்செல் திறந்து உட்கார்ந்தேன். 20க்கு 25 அடி, 500 சதுர அடி. மூன்று பேரிடம் கேட்டேன். முதல் ஆள் வீட்டுக்கே வரவில்லை. வாட்ஸாப்பில் மாடிப் படம் அனுப்பச் சொல்லி, பத்து நிமிடத்தில் சதுர அடி 190 என்றார். பைப் என்ன கனம் என்றதற்கு "ஹெவி சார்" என்று பதில். ஹெவி என்பது எத்தனை மில்லிமீட்டர் என்று இன்றுவரை தெரியாது. இரண்டாவது நிறுவனம் டை கட்டிய பையனை அனுப்பியது. முப்பரிமாணப் படம், பத்து வருட வாரண்டி எல்லாம் உண்டு. வாரண்டித் தாளைப் பொறுமையாகப் படித்தேன். ஷீட்டின் நிறம் மங்கினால் செல்லும், துரு பிடித்தால் செல்லும். காற்றில் பறந்தால் செல்லாது.

மூன்றாமவர் பக்கத்துத் தெரு வெல்டிங் பட்டறைக்காரர், ஐம்பது தாண்டியவர். டேப்பை வெளியே எடுக்கவே இல்லை. நேராகப் போய்க் கைப்பிடிச் சுவருக்கு வெளியே எட்டிப் பார்த்தார்.

"கீழ யாரு தம்பி இருக்காங்க?"

வேறு யாரும் கேட்காத கேள்வி. அதே ஆட்டோ, புது ஹூடுடன், அங்கேதான் நின்றிருந்தது.

அப்புறம் வீட்டு பிளானைக் கேட்டார். தூண் எங்கே, பீம் எங்கே என்று பார்த்து, மாடித் தரையில் சாக்பீசால் எட்டு வட்டம் போட்டார். நான் நினைத்திருந்த இடத்திலிருந்து இரண்டு கால்கள் தள்ளிப்போயின. "பீம் மேல உக்காரணும். கைப்பிடிச் சுவத்துல கட்டுனா சுவத்தையும் தூக்கிட்டுப் போயிடும்."

அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். படித்தது மெக்கானிக்கல், பிழைப்பது சாஃப்ட்வேர். மணிக்கு 120 கிலோமீட்டர் காற்று என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 68 கிலோ அழுத்தம். எங்கள் கூரை 46 சதுர மீட்டர். தோராயமாக மூன்று டன். ஷீட்டும் பைப்புமாக எல்லாம் சேர்ந்து ஒரு டன்னைத் தொடாது. காற்றின் வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு. நம் காற்றுத் தரநிலை, ஐஎஸ் 875இன் மூன்றாம் பகுதி, சென்னைக்கு வைத்திருக்கும் அடிப்படை வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். கொட்டகைக்கு நாம் தூண் வைப்பது அது கீழே விழாமல் இருக்க என்று நினைக்கிறோம். உண்மையில் அது மேலே போகாமல் இருக்கத்தான்.

பழைய கொட்டகைக்கு என்னதான் செய்திருந்தார்கள் என்று பார்க்க அப்பாவின் பீரோவில் ஃபைலைத் தேடினேன். கொட்டேஷன் இருந்தது. ஏழாவது வரி: காலுக்கு ஒரு பேஸ் பிளேட், நான்கு ஆங்கர் போல்ட், எட்டுக் காலுக்கும் சேர்த்து 6,000 ரூபாய். அந்த வரி பேனாவால் அடிக்கப்பட்டு, ஓரத்தில் "தேவையில்லை, கூரையின் கனமே போதும்" என்று எழுதியிருந்தது.

என் கையெழுத்து.

வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் வருடம். பேரம் பேசி 6,000 மிச்சம் பிடித்த பெருமையில் அன்று ஹோட்டலுக்குக்கூட கூட்டிப்போனேன். அதை மறந்தே போயிருந்தேன் என்பதை இப்போதும் நம்ப முடியவில்லை. அம்மாவிடம் தாளைக் காட்டினேன். கண்ணாடி போடாமலே பார்த்தாள்.

"அப்பாவுக்குத் தெரியும்டா. புயலுக்கு மறுநாளே எடுத்துப் பாத்தாரு."

பட்டறைக்காரரிடம் பழைய வேலை ஒன்றைக் காட்டச் சொன்னேன். புது வேலையின் படம் யாரும் காட்டுவார்கள். வர்தாவுக்கு முன்னால் போட்டது வேண்டும் என்றேன். 2014இல் போட்ட ஒரு கூரைக்குக் கூட்டிப்போனார். நின்றுகொண்டிருந்தது. காலடியில் வெல்டிங் சுற்றிலும் முழுசாக ஓடியிருந்தது. ஓரங்களில் மட்டும் ஸ்க்ரூக்கள் நெருக்கமாக இருந்தன. "ஓரத்துலதான் காத்து மொதல்ல விரல விடும்" என்றார். பிறகு அவரே ஏணியில் ஏறி, வெடித்துப்போன ரப்பர் வாஷர் ஒன்றைக் கழற்றி என் கையில் வைத்தார். "இத நான் வந்து மாத்தியிருக்கணும். வரல. என் தப்பு." நான் முடிவு செய்தது அந்த இடத்தில்தான்.

ஆனாலும் வீட்டுக்கு வந்து ஒருமுறை கேட்டேன்: "போல்ட் இல்லாம, காங்கிரீட்ல நட்டா எவ்ளோ குறையும்?" சோதனைக்குக் கேட்டேன் என்று பிறகு அம்மாவிடம் சொன்னேன். முழுக்க அப்படியும் இல்லை. அவர் கேட்ட 285 எனக்கு உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

"ரேட்டு குறையணும்னா வெல கம்மியான கலர் ஷீட் போடறேன். நாலு அடி சின்னதாக்கறேன். கால்ல கை வைக்க மாட்டேன் தம்பி. அது வேணாம்னா வேற ஆளப் பாருங்க."

பழைய ஆளும் இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, நான் அடித்த வரியைப் பேசாமல் ஏற்றுக்கொண்டார். அவரை இப்போது முழுசாகத் திட்டவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

ஜூனில் வேலை முடிந்தது. நான்கு அடி சின்னதாக்கிக்கொண்டோம். அக்டோபரில் முதல் மழைக்கு முந்தின காற்று கிளம்பிய சாயங்காலம், மாடியில் நின்று ஒவ்வொரு காலையும் கையால் தொட்டுப் பார்த்தேன். ஷீட் லேசாக முனகியது, அசையவில்லை. பின்தெருவில் ஆட்டோக்காரர் வெளியே வந்து ஒருமுறை மேலே நிமிர்ந்து பார்த்தார். நான் கை அசைத்தேன். அவரும் அசைத்தார். அப்புறம் வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய்த் தெருவின் அந்தக் கோடியில் நிறுத்தினார்.