காரோனி சதுப்பும் டன்ஸ்டன் குகையும்

வெனிசுவேலாக் கரைக்கு மிக அருகில், சுமார் 11 கிலோமீட்டர் தொலைவில் உள்ள டிரினிடாட், முற்காலத்தில் தென் அமெரிக்க நிலப்பரப்போடு ஒட்டியிருந்த காரணத்தால், பிற கரீபியத் தீவுகளில் காணக்கிடைக்காத கண்டத்துப் பறவைகள் பலவற்றைக் கொண்டிருக்கிறது. பறவை நோக்குவோர் இத்தீவை நாடி வருவது பெரிதும் இதனால்தான்.

வழிகாட்டிகள் மாலையில் அழைத்துச் செல்லும் காரோனி சதுப்பு, உவர்நீரில் வேரூன்றி வளரும் அலையாத்தி மரங்கள் அடர்ந்தது. அங்கு அடையவரும் செந்நிற அரிவாள் மூக்கன், இளம் பருவத்தில் பழுப்பும் வெள்ளையுமாக இருந்து, நண்டு போன்ற இரையிலுள்ள கரோட்டினாய்டு என்னும் நிறமி உடலில் சேரச் சேரச் சிவக்கிறது. தேசியப் பறவையாக இருந்தும் அது இறைச்சிக்காகத் திருட்டுத்தனமாக வேட்டையாடப்பட்டதால், 2018இல் சிறப்புப் பாதுகாப்புக்குரிய உயிரினமாக அறிவிக்கப்பட்டு, தண்டனையும் கடுமையாக்கப்பட்டது.

ஒளிப்படங்களில் இச்சிவப்பே முந்திக்கொள்வதால், வடக்கு மலைத்தொடரில், 1967இல் நிறுவப்பட்ட ஆசா ரைட் இயற்கை மையத்தின் நிலத்திலுள்ள டன்ஸ்டன் குகை உரிய கவனத்தைப் பெறுவதில்லை. பறவைகளுக்கு அது நல்லதே. அங்கு வாழும் எண்ணெய்ப் பறவை, பழம் தின்னும் இரவாடி. மனிதச் செவிக்கும் கேட்கும் சொடுக்கொலிகளை எழுப்பி, அவை பாறையில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டு இருட்டில் வழியறிகிறது. தாய்ப்பறவையைவிட எடை கூடுமளவு கொழுக்கும் அதன் குஞ்சுகளை முன்னாளில் உருக்கி, விளக்கெரிக்கவும் சமைக்கவும் எண்ணெய் எடுத்தனர். சிறு இடையூறுக்கும் இப்பறவைகள் மிரண்டு பறப்பதால், சிறு குழுக்களாக, ஓசையின்றி, மங்கிய ஒளியில் மட்டுமே அவற்றைக் காட்டும் வழிகாட்டியே இத்தொழிலில் தேர்ந்தவர்.